கண்ணடிக் கருவளையம்: மறைப்பதற்கு முன் காரணம் அறிவோம்

எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் பலர், தாம் வந்த காரணத்தைச் சொல்லி முடித்து எழுந்திருக்கும் வேளையில், சற்றே தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: “கண்ணுக்குக் கீழே இருக்கும் இந்தக் கருப்பு போகாதா, டாக்டர்?” உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றைக் கேட்கிறோமே என்ற கூச்சம் அந்தக் கேள்வியில் இருக்கும். கூச்சப்பட வேண்டியதில்லை. கருவளையம் பெரும்பாலும் நோயன்று. ஆனால் அதைப் போக்கத் தாமாகவே செய்துகொள்ளும் வைத்தியம் சில வேளைகளில் நோயாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அண்மையில் ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். மகள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை செய்பவர். பெண் பார்க்க வந்த வீட்டார், “பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். தாய் மனம் நொந்து, யாரோ சொன்ன ஒரு களிம்பை வாங்கிக் கொடுத்தார். முதல் மூன்று வாரம் கண்ணடி வெளுத்தது. ஐந்தாம் மாதம் அவ்விடம் முன்னைவிடக் கருத்து, சிவந்து, எரிச்சலும் எடுத்தது. களிம்பின் டப்பாவில் தயாரித்தவர் பெயரோ, உட்பொருள் பட்டியலோ இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதை இறுதியில் சொல்கிறோம். அதற்கு முன், கருவளையம் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம்.

நான்கு காரணங்கள், நான்கு நிறங்கள்

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். கன்னத்தில் இருப்பதுபோல் அதன் அடியில் கொழுப்புப் படலம் இல்லை. தோலுக்கு நேர் கீழே கண்ணை மூடும் தசையும், அதன் இரத்தக் குழாய்களும் உள்ளன. ஆகையால் உள்ளே நிகழும் சிறு மாற்றமும் வெளியே தெரிந்துவிடுகிறது.

முதல் வகை, நிறமியால் வருவது. மெலனின் என்னும் நிறமி அவ்விடத்தில் கூடுதலாகச் சேர்வதால் பழுப்பு நிறம் தோன்றும். இது பெரும்பாலும் குடும்ப வழியில் வரும். தாய்க்கோ தந்தைக்கோ இருக்கும். வெயிலும், இடைவிடாமல் கண்ணைத் தேய்ப்பதும் இதை மிகுவிக்கும்.

இரண்டாம் வகை, இரத்தக் குழாய்களால் வருவது. மெல்லிய தோலின் வழியாக அடியிலுள்ள இரத்தம் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். மூக்கடைப்பும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குக் கண்ணடிச் சிரைகளில் இரத்தம் தேங்குவதால் இந்நிறம் கூடும்.

மூன்றாம் வகை, நிழல். வயது ஏறும்போது கண்ணடியில் பள்ளம் விழும். சிலருக்குப் பை போல் தொங்கும். அந்தப் பள்ளத்தில் விழும் நிழலைக் கருப்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

நான்காம் வகை, இவற்றின் கலப்பு. எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் இவ்வகையினரே.

இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமைத்தோலை விரலால் மென்மையாகக் கீழ்நோக்கி இழுங்கள். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் நிறமி. ஊதா நிறம் இன்னும் அடர்ந்தால் இரத்தக் குழாய். முகத்துக்கு நேர் எதிரே விளக்கைப் பிடித்துப் பாருங்கள்; கருப்பு மறைந்துவிட்டால் அது நிழல். நிழலுக்கு எந்தக் களிம்பும் பயன்படாது என்பதை இந்தச் சிறு சோதனையே காட்டிவிடும்.

தொழிலும் கண்ணைத் தேய்க்கும் பழக்கமும்

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பீங்கான் வேலையில் களிமண் தூளும் சிலிக்கா தூளும் காற்றில் கலக்கும். சூளையருகே வெப்பமும் வறட்சியும் இருக்கும். கண் உறுத்தும், கை தானாகவே கண்ணுக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் தோல் தடித்துக் கருக்கும். முந்திரி உடைப்போருக்கு வேறொரு சிக்கல்: முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அந்த எண்ணெய் படிந்த விரலால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கி, ஆறிய பிறகும் கருப்பு தங்கிவிடும்.

தலைச்சாயமும் நகப்பூச்சும்கூட இமையில் ஒவ்வாமையை உண்டாக்கலாம். தலையிலோ விரலிலோ எதுவும் தெரியாமல், மெல்லிய இமைத்தோலில் மட்டும் அரிப்பு தோன்றுவது உண்டு.

ஆகவே கண் உறுத்தினால் தேய்க்காதீர்கள். தூய நீரால் கழுவுங்கள். வேலை முடிந்ததும் முதலில் கையையும் பிறகு முகத்தையும் கழுவுங்கள். பட்டறையில் காய்ந்த தூசியைப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் மூக்குக்குத் தகுந்த முகக்கவசமும் அணியுங்கள். சிலிக்கா தூள் கண்ணைவிட நுரையீரலுக்கே பெரும் பகை. விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால், கருவளையத்தை விட்டுவிட்டு முதலில் நெஞ்சைக் காட்டுங்கள்.

உடலுக்குள் இருக்கும் காரணங்கள்

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தோல் வெளிறும்போது கண்ணடிக் கருப்பு எடுப்பாகத் தெரியும். களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், மிகுந்த மாதவிலக்கு ஆகியவை உடனிருந்தால் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியோடு சேர்த்து உண்ணாதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு உண்பது நல்லது.

தூக்கக் குறைவு முகத்தை வெளிறச் செய்து, இருக்கும் கருப்பை மிகுத்துக் காட்டும். ஆனால் நன்றாகத் தூங்குகிறவருக்கும் கருவளையம் இருக்கலாம். “ராத்திரி முழுக்கப் போன் பார்க்கிறாய்” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன் குடும்பத்தின் பழைய படங்களைப் பாருங்கள். தாத்தாவின் முகத்திலும் அது இருக்கக்கூடும்.

கண்ணழுத்த நோய்க்கு இடும் லட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்துகளும் இமையைச் சுற்றிக் கருப்பை உண்டாக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கண்ணழுத்தம் பார்வையைப் பறிக்கும். கண் மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற இயலுமா என்று பார்ப்பார்.

பெயரில்லாக் களிம்புகள்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் அங்கே கண்டறியப்பட்டனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளைப் பயன்படுத்தியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. காரணம் பாதரசம். அது மெலனின் உற்பத்தியைத் தடுக்கும். அதனால் தோல் வெளுக்கும். ஆனால் அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேரும். ஒரே துண்டைப் பயன்படுத்தும் வீட்டாருக்கும், மடியில் கிடக்கும் குழந்தைக்கும்கூட அது பரவலாம்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, முகப்பூச்சுகளில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; கண்ணுக்கான ஒப்பனைப் பொருள்களில் 70 பங்கைத் தாண்டக் கூடாது. தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாவில் இந்த அளவை யார் சோதித்தார்கள்? உட்பொருள்களில் மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்களைக் கண்டால் அப்பொருளை வாங்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து ஸ்டீராய்டு. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையிட்டது. ஆயினும் “ஏழே நாளில் வெளுக்கும்” என்ற பேச்சோடு அவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் தோல் வெளுக்கும். பிறகு மெலிந்து, குழாய்கள் வெளித்தெரிந்து, கருப்பு மீண்டும் ஏறும். கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். வெள்ளரித் துண்டும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் வீக்கத்தைச் சற்று நேரம் குறைக்கும், தீங்கில்லை. எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா ஆகியவற்றைக் கண்ணருகே கொண்டுசெல்லவே கூடாது. அவை தோலைப் புண்ணாக்கும். புண் ஆறிய இடம் கருக்கும்.

சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது

நிறமி வகைக்கு முதல் மருந்து வெயில் காப்பு. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில்காப்புப் பூச்சு, குடை, தொப்பி ஆகியவை இல்லாமல் வேறெந்த மருந்தும் நிலைக்காது. அதன்பின் வைட்டமின் சி, கோஜிக் அமிலம், அசெலாயிக் அமிலம், ரெட்டினால் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் பூசலாம். கருவுற்றிருப்போர் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும். பலன் தெரியக் குறைந்தது 8 முதல் 12 வாரம் ஆகும். தேவைப்படுவோருக்குத் தேர்ந்த கையால் செய்யும் அமிலப் பூச்சு, லேசர் ஆகியவையும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரை அளவு மீறிப் பயன்படுத்தினால் கருப்பு கூடவும் வாய்ப்பு உண்டு.

இரத்தக் குழாய் வகையில் ஒவ்வாமையையும் மூக்கடைப்பையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பள்ளத்துக்கு நிரப்பு ஊசியும், தொங்கும் பைக்கு அறுவைச் சிகிச்சையும் உள்ளன. நிரப்பு ஊசி மருந்து தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் பார்வையே போகலாம். ஆகவே அதை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்தச் சிகிச்சையும் குடும்பவழிக் கருப்பை முற்றிலும் அழிக்காது. குறைக்கும், குறைந்ததைக் காக்கவும் வேண்டும்.

மறைப்பது தவறா?

தவறன்று. திருமணத்துக்கோ புகைப்படத்துக்கோ மறைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். முறை தெரிந்தால் போதும். முதலில் ஈரப்பதப் பூச்சும் வெயில்காப்பும். நீலமும் பழுப்பும் கலந்த கருப்பின் மேல் ஆரஞ்சு அல்லது பீச் நிறத் திருத்தப் பூச்சை மெல்லியதாக, மோதிர விரலால் ஒற்றி வையுங்கள். அதன் மேல் உங்கள் தோல் நிறத்துக்கு ஒத்த கன்சீலர். தோலைவிட வெளிறிய நிறத்தை நேரடியாகப் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். கீழ் இமையில் அழுத்தமாக இட்ட மை வியர்வையில் வழிந்து கருப்பைக் கூட்டும்.

புதிய பொருளை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பாருங்கள். ஒருவர் பூசியதை மற்றவர் பூச வேண்டாம். இரவில் தேய்க்காமல் கலைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உடனே வர வேண்டிய வேளைகள்

ஒரு கண்ணில் மட்டும் புதிதாகக் கருப்போ வீக்கமோ தோன்றினால் வாருங்கள். காலையில் முகமும் கண்ணடியும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் அன்றே வாருங்கள். குறிப்பாக வெண்மைக் களிம்பு பூசியவர்கள் அந்த டப்பாவையும் கையோடு கொண்டு வாருங்கள். தலையில் அடிபட்ட பின் இரு கண்களைச் சுற்றியும் கருத்தால் அது மண்டையோட்டு முறிவின் அறிகுறியாக இருக்கலாம். அவசரப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். அடிபடாத குழந்தைக்குக் கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டியதுபோல் கருத்தாலும், விழி முன்தள்ளினாலும் காலம் தாழ்த்தாதீர்கள்.

இனி அந்தப் பெண்ணின் செய்தி. களிம்பை நிறுத்தச் செய்து, நிறுத்தியதால் வந்த எரிச்சலைத் தணித்தோம். கண்ணழுத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தோம்; நல்வாய்ப்பாக இரண்டும் சீராக இருந்தன. அவருக்கு இரத்தசோகையும், தூசி ஒவ்வாமையால் ஓயாத மூக்கடைப்பும் இருந்தன. இரண்டுக்கும் மருந்து தந்தோம். வேலையிடத்தில் முகக்கவசம் அணியத் தொடங்கினார். நான்கு மாதத்தில் களைப்பு நீங்கியது. கருப்பும் பெருமளவு குறைந்தது. எஞ்சியது இனிப் போகாது என்று சொன்னபோது, தாய் தம் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அவருடைய கண்ணடியிலும் அதே நிறம். “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது, டாக்டர்” என்றார். மகள் சிரித்துவிட்டார்.

விரிசல் விட்ட மண்ணின் மேல் எவ்வளவு மெருகு பூசினாலும் சூளை அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது பீங்கான் ஊரில் அனைவரும் அறிந்ததே. கண்ணடிக்கும் அதுவே பொருந்தும். விரிசல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வோம். விரிசல் இல்லை, குடும்பத்தின் நிறம் மட்டுமே என்றால், விரும்பினால் மறைத்துக்கொள்ளுங்கள். விரும்பாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அது உடல்நலக் குறைவின் அடையாளமன்று என்பதைப் பெண் பார்க்க வருவோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.