தறியும் நிரலும்

கோயம்புத்தூரில் அவிநாசிச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்துகள் பீளமேட்டைக் கடந்ததும் ஓரிடத்தில் நிற்கும். நடத்துநர் 'ஹோப் காலேஜ்' என்று கூவுவார். ஆனால் அப்பெயருடைய கல்லூரி இன்று அங்கே இல்லை. 1945ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்களின் கொடையால் தோன்றி, அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரைத் தாங்கிய அத்தொழில்நுட்பக் கல்லூரி, பின்னர்த் தடாகம் சாலைக்கு இடம் மாறிற்று. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என இன்று வழங்குவது அதுவே. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. காலை வேளையில் அங்கு இறங்குவோருள் பலர், 2010ஆம் ஆண்டில் அருகே எழுந்த டைடல் பூங்காவை நோக்கி நடப்பர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல் அவர்தம் தொழில். நூலாலையிலோ கடையிலோ பல்லாண்டு உழைத்தபின், நடுவயதில் அத்தொழிலைக் கற்க விழைவோரும் நம்மிடையே உளர். அஃது இயல்வதொன்றா?

தொழில் மாறுதல் கொங்கு நாட்டிற்குப் புதியதன்று. 1888ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்பார் கோவையில் நூலாலை நிறுவியபோது, பருத்தி விளைத்த கைகளே கதிர்களைச் சுழற்றக் கற்றன. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின, கிணற்று மேட்டில் கவலை இறைத்தவர் மோட்டார் இயக்கக் கற்றனர்.

நாயுடு அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. சூலூரை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டில் வேளாண் குடியிற் பிறந்த அவர், பள்ளியில் பயின்றது மிகச் சிறிதே. வெள்ளையர் ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார்; அதை வாங்கும் பொருட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதியில் பரிமாறுபவராய் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் மின்மோட்டார் உருவாக்கும் பணியில் இறங்கினார். பொறியியல் கற்க நான்காண்டு வேண்டா, ஈராண்டு போதும் என்று அவர் வாதிட்டார், அரசு ஏற்கவில்லை, அவர் கல்லூரிப் பொறுப்பினின்றும் விலகினார். அவர் கருத்து முழுதும் சரியென்று கூறத் துணியேன். பாலம் கட்டுவோனுக்கு நான்காண்டும் குறைவே. எனினும், பிரித்துப் பூட்டியே ஒன்றை அறிதல் கூடும் என்ற அளவில் அவர் கூற்று நிரல் எழுதும் கலைக்கு நன்கு பொருந்தும்.

நிரல் என்பது யாது? ஒரு வேலையைச் சிறுசிறு கட்டளைகளாகப் பிரித்து, வரிசை பிறழாமல் எழுதி வைப்பதே நிரல். கணிப்பொறி விரைவுடையது, ஆனால் தானாக உய்த்துணராது. தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஆளின்றி இயக்க ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். தொட்டி நிறைந்துவிட்டதா? நிறைந்தால் நிறுத்து. நிறையாவிடில் ஓட்டு. சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பார். இவ்வளவே போதும் என்று இளைஞர் ஒருவர் எழுதிவிடுவார். கோடையில் ஒரு நாள் கிணறு வற்றும், தொட்டியோ நிறையாது, மோட்டார் வெறுமனே ஓடிக் கெடும். ஆதலின், கிணற்றில் நீர் உளதா என்னும் வினாவை முதலிலேயே வைத்தல் வேண்டும். அதுவும் போதாது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போனால் மோட்டார் கருகும். மின்சாரம் நின்று திரும்பும்போது நிரல் எங்கிருந்து தொடங்கும்? இவ்வினாக்களை எழுப்புபவர் யார்? பாடநூலை மட்டும் கற்றவரல்லர். இருமுறையேனும் மோட்டார் கருகக் கண்டவர். கட்டளை எழுதும் முறையை அவர் கற்றுக்கொள்ளலாம். கிணற்றடி அறிவை மற்றவர் அத்துணை எளிதிற் பெறுதல் அரிது.

நெசவாளர்க்கோ இக்கலை இன்னும் அணுக்கமானது. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் அமைத்த பொறி, அவர் பெயராலேயே நம் தறிகளின் மேலும் அமர்ந்துள்ளது. அதில் துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டிருக்கும். ஊடை ஒவ்வொன்றிற்கும் ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி பாவு நூலை மேலே தூக்கும். துளையில்லாவிடில் அந்நூல் கீழேயே கிடக்கும். தூக்கு, தூக்காதே என்னும் இரண்டே கட்டளைகளால் மயிலும் மாங்காயும் துணியில் மலர்கின்றன. பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் எண்ணிய கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே கருவியாகக் கொண்டார். 1843இல் அப்பொறிக்குக் கணக்கிடும் முறையொன்றை வரிசைப்படுத்தி வெளியிட்டவர் அடா லவ்லேசு அம்மையார். அப்பொறி முற்றுப்பெறவில்லை, எண்ணம் மட்டும் வாழ்ந்தது. அட்டையில் ஒரு துளை தவறினால், அப்பூ வருமிடந்தோறும் அதே பிழை வரும் என்பதை நெசவாளர் நன்கறிவார். துணியிற் கண்ட குற்றத்தைக்கொண்டு, எத்தனையாவது அட்டையில் எந்தத் துளை எனப் பின்னோக்கித் தேடிச் செல்வார். நிரலாளரின் நாளிற் பெரும்பகுதி கழிவதும் இத்தேடலிலேயே.

இடர்கள் இல்லாமல் இல்லை. ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். இன்று பெரிதும் பயிலப்படும் பைத்தான் என்னும் நிரல்மொழிக்குரிய அடிப்படைச் சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. அவ்வச்சம் சில வாரங்களில் நீங்கும். கடினமானது வேறு. பத்தாண்டுகளாகத் தன் தொழிலிற் பிறர்க்குச் சொல்லித் தந்தவர், மீண்டும் கடைசி வரிசையில் அமர்ந்து தவறு செய்ய ஒருப்படல் வேண்டும். கற்கும் காலத்தில் வீட்டுச் செலவு நிற்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திராது. மூன்றே திங்களில் வேலை உறுதி என்று கூறும் விளம்பரங்களை நம்பி, கையிலிருந்த ஊதியத்தை விடுதல் அறிவுடைமையன்று. மேலும், எளிய நிரல்களைக் கணிப்பொறியே எழுதித் தரும் காலம் இது. அது எழுதியது சரியா என நோக்குதற்கும் தொழிலறிவு வேண்டும்.

அமெரிக்க நாட்டில் டோரதி வான் என்னும் கருப்பின அம்மையார் பள்ளியிற் கணக்கு ஆசிரியராய் இருந்தவர். 1943இல் லாங்லி வானூர்தி ஆய்வகத்தில் கணக்கிடுவோராய்ச் சேர்ந்தார்; பின்னர் ஒரு குழுவுக்குத் தலைவியுமானார். மின்னணுக் கணிப்பொறி வந்தபோது, கையால் கணக்கிடும் வேலை மறையும் என்பதை அவர் உணர்ந்தார். அப்போது அவர் ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். போர்ட்ரான் என்னும் நிரல்மொழியைத் தாம் கற்றதோடு, உடன் பணியாற்றியோர்க்கும் கற்பித்தார். கணக்கை அவர் விட்டுவிடவில்லை. எழுதுகோலை மட்டுமே மாற்றினார்.

இங்கும் தொடங்க விரும்புவோர் பெரிய திட்டம் எதையும் தேட வேண்டுவதில்லை. நூல் வணிகக் கடையிற் கணக்கெழுதுபவர், மூட்டை எடையையும் நூல் விலையையும் பெருக்கி நாள்தோறும் கையாற் போடும் கணக்கையே முதல் நிரலாக எழுதலாம். வேலை முடிந்து வீடு திரும்பிய பின், இரவில் ஒரு மணி நேரம் போதும். நிரல் தரும் தொகையைப் பழைய பேரேட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். ஒத்துவராவிடில் பிழை நிரலில் இருக்கலாம், பேரேட்டிலும் இருக்கலாம்.