கழுவினாலும் போகாத பூனை வாடை

வடசென்னை மூலக்கொத்தளத்தில் வீடுகள் நெருக்கமானவை. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரமும் அதிகம். இதுபோன்ற இடத்தில், வீட்டு மூலையில் பூனை ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டால், கழுவிவிட்ட பிறகும் மழை நாளில் வாடை திரும்ப வரும். கிராமத்துத் திண்ணையிலும் இதே கதைதான்.

காரணம் விவசாயிக்குத் தெரிந்ததுதான். ஈர மண்ணின் மேல் யூரியாவைத் தூவி அப்படியே விட்டால், நெடியடிக்கும் அம்மோனியாவாக அது காற்றில் போகும். சிறுநீரில் இருப்பதும் யூரியாதான். பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. கூடவே, தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமில உப்புகள் சிமெண்ட் தரையின் நுண்துளைகளில் தங்கிவிடுகின்றன. ஈரம் பட்டதும் வாடை கிளம்புகிறது. வாடை இருக்கும் இடத்துக்கே பூனையும் திரும்பி வருகிறது.

செய்ய வேண்டியவை

* ஈரம் காயும் முன் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.
* சிமெண்ட் தரையில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றி, 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். கடப்பா, மார்பிள் கற்களை அமிலம் அரிக்கும், அவற்றில் வேண்டாம்.
* தரை காய்ந்ததும் சமையல் சோடா தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் பெருக்குங்கள்.
* பழைய கறைக்கு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவமே சரி. சிறுநீர் இறங்கிய ஆழம்வரை அதுவும் இறங்க வேண்டும். லேபிளில் சொன்ன நேரம்வரை ஈரமாக வைத்திருங்கள்.
* பாய், மெத்தையை நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

செய்யக் கூடாதவை

சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். வினிகரோடோ, கழிவறை ஆசிடோடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் இது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து. கருப்பு பினாயிலும் கூடாது. காலை நக்கும் பூனைக்கு அது விஷம். சுண்ணாம்பு தூவினால் அம்மோனியா இன்னும் கூடுதலாக வெளியேறும்.

பூனை திடீரென்று கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் அது நோயாகவும் இருக்கலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூலக்கொத்தளத்தார் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், கிராமத்தார் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கும் கொண்டுபோகலாம்.