எழுபது வயதில் ஒரு பயணம்

திருவள்ளூர் நிலையத்தில் காட்பாடி வண்டிக்குக் காத்திருப்பவர்களில் சிலர் கையில் மருத்துவக் கோப்பு இருக்கும். வேலூர் சிஎம்சி எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அந்த மருத்துவமனை, கேட்டு வாங்கிய காசில் எழுந்தது.

இப்படி ஊர் கடந்து போய் நிதி கேட்பது புதிதல்ல. யூத வேதபாடசாலைகளுக்காக ரப்பிகள் எனும் யூத குருமார்கள் நாடு நாடாகச் சென்று நிதி திரட்டுவது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஜெருசலேம் யூதர்களுக்காக யாக்கோப் சபீர் என்பவர் கொச்சி வரை வந்திருக்கிறார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய, நம் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் போனது எதிர்த்திசையில், அமெரிக்காவுக்கு. மருத்துவப் படிப்பை முடித்ததும் அங்கே நிதி கேட்டார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

பெரிய சோதனை பிறகுதான் வந்தது. பட்டயப் படிப்பு இனி போதாது, பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டும் என்றது அன்றைய மாகாண அரசு. அதற்குக் கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும். கையில் பணமில்லை. உலகப் போர் வேறு. ஐடாவுக்கு வயது எழுபதைத் தொட்டிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய அந்த வயதில் மறுபடி அமெரிக்கா போய், ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினாரே, அதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

கல்லூரி பிழைத்தது. 1947இல் ஆண் மாணவர்களும் அங்கே சேர்ந்தார்கள்.