காந்தீயம் குடியமர்த்திய குடும்பங்கள்

பொரளை பேஸ்லைன் வீதியால் போகும் பஸ்கள் வெலிக்கடைச் சிறையைக் கடந்தே போகின்றன. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் அங்கே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் டொக்டர் ராஜசுந்தரம். அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காகவே வாழ்ந்த மனிதர் அவர்.

1970களில் தேயிலைத் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது; 1977 ஆகஸ்ட் வன்செயல் மலையகத் தமிழரை லயன் வீடுகளிலிருந்து விரட்டியது. வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்த அந்தச் சனத்துக்குக் கைகொடுத்தது, ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம்.

அகதிக்குச் சோற்றுப் பார்சல் கொடுப்பது ஒரு வாரத்து வேலை. குடியமர்த்துவது வருடக்கணக்கில் இழுக்கும். கொழுந்து பறித்துப் பழகிய கைகள் காடு வெட்ட வேண்டும், கிணறு தோண்ட வேண்டும், வறண்ட நிலத்தில் எதை எந்த மழைக்கு விதைப்பதென்று புதிதாகப் படிக்க வேண்டும். முதல் அறுவடை வரைக்கும் அடுப்பு எரிய வேண்டும். இதற்கு மேல், 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் பலரை நாடற்றவர்களாக்கியிருந்ததால், அரசிடம் காணி கேட்கவும் வழி இல்லை.

காந்தீயத்தின் வேலையில் என்னை மிகவும் கவர்வது அதன் பாலர் பாடசாலைகள்தான். கிராமத்து இளம் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கினார்கள். பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போனால் தாய் நிம்மதியாகக் காணியில் வேலை செய்யலாம்; ஊரில் நாலு பேரோடு பழக்கமும் வரும். இந்தத் தொண்டு அரசின் கண்ணுக்குக் குற்றமாகப் பட்டது. 1983 ஏப்ரலில் ராஜசுந்தரமும் டேவிட்டும் கைதானார்கள். வெலிக்கடைப் படுகொலையில் டேவிட் உயிர் தப்பினார்.

அகதிகள் வருவது இன்றும் நிற்கவில்லை. 2024 டிசம்பரில் ரோஹிங்கியா அகதிகள் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, ஊர்ச்சனம் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது. 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்த சனம் அது. ஆனால் வந்தவர்களை அதிகாரிகள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. இங்கே தஞ்சமடைந்தவர் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகளுக்கு அரச பாடசாலை இல்லை. தொண்டர்கள் நடத்தும் வகுப்புகளையே அவர்கள் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. உதவ நினைப்பவர்கள் சாப்பாட்டோடு நின்றுவிடாமல், அந்த வகுப்புகளுக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும்.