பச்சையில்லாத வர்ணத்தட்டு

கருங்கலுக்கு வெளியே, சாலை சற்று மேடேறித் திரும்பும் ஓரிடத்தில், மழைக்காலம் ஓய்ந்து ஆகாயம் கழுவித் துடைத்தாற்போலிருந்த ஒரு தை மாதக் காலையில், மடக்கு நாற்காலியும் பலகையுமாக நான் உட்கார்ந்து, எதிரே பள்ளத்தில் விரிந்த தென்னந்தோப்பையும், அதன் நடுவே தலைகாட்டிய ஒரு தேவாலயத்தின் வெள்ளைச் சுவரையும், வடகிழக்கே மங்கித் தெரிந்த மலைமுகடுகளையும் நீர்வர்ணத்தில் எழுத முயன்றுகொண்டிருந்தேன். சாயாக்கடைக்குப் போகும் வழியில் நின்ற முதியவர் ஒருவர் என் வர்ணத்தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "மக்களே, பச்சையே காணோமே; பின்ன தென்னைய எப்பிடி எழுதுவ?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். என் தட்டில் இருந்தவை மூன்றே வர்ணங்கள்: பிரஷ்யன் நீலம், காம்போஜ் என்னும் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்னும் சுட்ட செங்காவி. அவருக்கு வாயால் விடை சொல்வதைவிட, நீலத்தையும் மஞ்சளையும் தூரிகையால் குழைத்து ஓர் ஓலையை இழுத்துக் காட்டுவது எளிதாயிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். ஆனால் விஸ்தாரமான விடை ஒன்று, கருங்கலிலிருந்து அதிக தூரமில்லாத பத்மநாபபுரம் அரண்மனையிலேயே சுவரோவியமாக இருக்கிறது.

1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசர்கள் வாழ்ந்த அந்த அரண்மனையில், உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவர்களைச் சித்திரங்கள் நிறைத்திருக்கின்றன. கேரள மரபில் இத்தகைய சுவரோவியம் எழுதும் சித்திரக்காரர்களிடம் இருந்தவை சொற்பமான வர்ணங்களே: மஞ்சட்காவி, செங்காவி, எண்ணெய் விளக்கின் கரி, இவற்றோடு பச்சை. காவி மண்ணிலிருந்து வந்தது, கரி விளக்கிலிருந்து வந்தது. பச்சை மட்டும் எங்கும் தயாராகக் கிடைக்கவில்லை. அவுரிச் செடியின் நீலத்தையும், மலையாளத்தில் எரவிக்கரை என்று வழங்கும் ஒரு மரத்தின் மஞ்சட் பிசினையும் கலந்து அவர்கள் அதை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்தப் பிசின்தான் சீமைக் கடையில் காம்போஜ் என்ற பெயரில் விற்றது. அந்த மரமோ, நம் வீட்டு மீன்குழம்பில் கிடக்கும் குடம்புளி மரத்துக்கு உடன்பிறந்த இனம். இங்கிலாந்தில் தாவரச் சித்திரம் எழுதிய வில்லியம் ஹூக்கர் என்பவர் பிரஷ்யன் நீலத்தோடு இதே மஞ்சளைக் கலந்து இலைகளுக்குப் பூசிய பச்சை, இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நம் சுவர்களில் அதே சூட்சுமத்தை அவுரியைக் கொண்டு நிகழ்த்திய கைகளுக்குப் பெயர் எதுவும் வாய்க்கவில்லை.

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஏன் என்பதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. வர்ணப்பொருள் எதுவும் ஒளியைக் கூட்டித் தருவதில்லை, கழித்தே தருகிறது. வெண்ணிறக் கிரணத்திலிருந்து பிரஷ்யன் நீலம் சிவப்புப் பகுதியை விழுங்கிவிடுகிறது, காம்போஜ் நீல ஊதாப் பகுதியை விழுங்கிவிடுகிறது. இரண்டும் விழுங்காது விட்ட நடுப்பகுதிதான் நம் கண்ணுக்குப் பச்சையாக வந்து சேர்கிறது. நீர்வர்ணத்தில் இந்தக் கழித்தல் இருமுறை நடக்கிறது. ஏனெனில் மெல்லிய வர்ணப் படலத்தை ஊடுருவிச் செல்லும் ஒளி, அடியிலுள்ள காகிதத்தின் வெண்மையில் பட்டுத் திரும்பி, மீண்டும் அதே படலத்தைக் கடந்தே வெளியே வருகிறது. சுவரோவியர்கள் இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பலமுறை பூசித் தளத்தை வெளுப்பாக்கிய பிறகே வர்ணத்தைத் தொட்டதற்கும் இதுவே காரணம்.

ஒளி கழிந்துகொண்டே போகிறது என்பது விளங்கினால், தட்டில் வர்ணங்களைக் குறைத்துக்கொள்வது வறுமையல்ல என்பதும் விளங்கும். நான்கைந்து வர்ணங்களை ஒன்றாகக் குழைத்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது ஒளியைத் தின்ன, கடைசியில் எஞ்சுவது சேற்று நிறம். மூன்றோடு நிறுத்திக்கொண்டவனுக்கு அந்தப் பயமில்லை. தவிரவும், அவன் சித்திரத்திலுள்ள ஓலைப் பச்சைக்கும் மலை நீலத்துக்கும் நிழலின் சாம்பலுக்கும் இரத்த சம்பந்தம் இருக்கும். இருபது குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருகிற நண்பர்களைக் கண்டால், இருபது வகைக் கறியும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட விருந்தில் பசி கெட்டவனைப்போல நான் விழிப்பது வழக்கம்.

என் மூன்றில் இரண்டு இரும்பினால் ஆனவை என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன். இந்த வட்டாரத்துச் செம்மண் மேட்டைச் சிவப்பாக்குவது இரும்புத் துருவே. மஞ்சட்காவியில் அந்த இரும்பு நீரோடு பிணைந்து கோதைட் என்னும் தாதுவாக இருக்கிறது. நெருப்பில் சுட்டால் நீர் விலகி, ஹெமடைட் என்னும் சிவப்புத் தாதுவாக மாறுகிறது. மஞ்சள் மண் செங்காவியாவதும், சூளையில் வைத்த ஓடு சிவந்து வெளிவருவதும் ஒரே குடும்பத்து இரசாயனம். வர்ணங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை 1810இல் வெளியிட்ட ஜெர்மானியக் கவி கதேயின் பெயரையே மஞ்சட்காவியின் தாது தாங்கியிருப்பது வேடிக்கையான பொருத்தம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்யன் நீலமும் இரும்பின் உப்புத்தான். அதில் இரும்பணுக்கள் இருவேறு நிலைகளில் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது செந்நிற ஒளி செலவாகிவிடுகிறது, நீலம் மிஞ்சுகிறது.

மலைகளின் நீலத்துக்கு வர்ணப்பொருளே கிடையாது. நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்றின் மூலக்கூறுகள் சிற்றலைகளை மிகுதியாகவும் பேரலைகளைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. 1871இல் ராலே பிரபு வகுத்த கணக்கின்படி நீல ஒளி சிவப்பொளியைவிட நான்கு மடங்குக்குமேல் சிதறுகிறது. கடலின் நீலம் வெறும் ஆகாயத்தின் பிரதிபலிப்பு என்று ராலே கருதியதை, 1921இல் கப்பற் பிரயாணத்தில் மத்தியதரைக் கடலைக் கண்டு ஐயுற்று, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவியவர் நம் சி. வி. ராமன். காற்று இப்படி நீலத்தைச் சிதறடிப்பதால், மலை தொலைவாக ஆக ஆக நீலத்தில் நீரைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். கடைசி முகட்டுக்கு நான் தூரிகை கழுவிய நீரையே பயன்படுத்துவதுண்டு. 1792இல் இந்த மலைகளின் மறுபுறம், களக்காட்டருகே நின்று குமரிமுனைக் காட்சியை எழுதிய தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், அச்சான அந்தச் சித்திரத்திலும் தூரத்தை இப்படி வெளிறிய சாயத்தாலேயே உணர்த்தியிருக்கிறார்கள்.

வெள்ளையைப் பற்றித்தான் சொல்லவில்லை. கருங்கலுக்குத் தென்கிழக்கே, குளச்சலைத் தாண்டினால் வரும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலில் இல்மனைட் என்னும் தாது இருக்கிறது. டைட்டானியமும் இரும்பும் பிராணவாயுவோடு கூடிய பொருள் அது. அதிலிருந்து இரும்பை நீக்கிச் சுத்தி செய்தால், கிடைப்பது மிக வெளுத்த வர்ணப்பொருளாகிய டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை வளைக்கும் ஆற்றலில் அது வைரத்தையும் விஞ்சுவதால், மெல்லப் பூசினாலும் அடியிலுள்ளதை மறைத்துவிடும். வீட்டுச் சுவருக்கு அந்த மறைக்கும் குணம் வரம். அடியிலிருந்து ஒளி திரும்பிவருவதையே நம்பியிருக்கும் நீர்வர்ணக்காரனுக்கோ அது ஆகாது. உலகுக்கெல்லாம் வெள்ளை தரும் மணற்கரைக்கு இத்தனை அருகில் உட்கார்ந்துகொண்டு, தட்டில் வெள்ளையே வைக்காதிருந்தேன்.

சாயா குடித்துவிட்டு முதியவர் திரும்பி வந்தபோது காகிதம் காய்ந்திருந்தது. ஈரத்தில் கருத்துத் தோன்றிய தோப்பு, காய்ந்ததும் ஒரு படி வெளுத்திருந்தது. இது எப்போதும் நடப்பதுதான், முன்கூட்டியே அழுத்திப் பூசக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும். அவர் சித்திரத்திலிருந்த தேவாலயச் சுவரில் விரலை வைத்து, "இதுக்கு வெள்ளை எங்கேருந்து எடுத்தே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பூசலை பாட்டா, காகிதத்தை அப்படியே விட்டுட்டேன்" என்றேன்.

"அப்பம் வெள்ளையடிச்ச கூலி மிச்சம்" என்று சொல்லிவிட்டு அவர் மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.