வட்டத்துக்குள் செவ்வகம்: கேமரா உணரியின் வடிவமும் லென்ஸ் பொருத்தமும்

கேமராவின் லென்ஸ் உருவாக்கும் பிம்பம் இயல்பில் வட்டமானது. ஆனால் அதை ஏற்று மின்குறிகளாக மாற்றும் உணரி, அதாவது வழக்கில் சென்சார் எனப்படும் சிலிக்கான் சில்லு, ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் செவ்வகமாகவே இருக்கிறது. லென்ஸின் பின்னால் விழும் அந்த ஒளிவட்டத்தைப் பிம்ப வட்டம் என்பர். அதன் விட்டம் உணரியின் மூலைவிட்டத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் படத்தின் நான்கு மூலைகளும் இருளாமல் பதிவாகும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் 36×24 மில்லிமீட்டர் உணரியின் மூலைவிட்டம் 43.3 மி.மீ.; அதே விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,470 சதுர மி.மீ. என்றாலும், உணரி பயன்படுத்திக்கொள்வது 864 மட்டுமே. மீதமுள்ள நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான பிம்பம், கேமராவின் உள்ளறைக் கருஞ்சுவரில் பட்டு வீணாகிறது.

இந்த விரயத்தைக் குறைக்க வேண்டுமானால் உணரியின் வடிவத்தை மாற்றலாம். ஆனால் வடிவத்தை மாற்றினால் ஏற்கெனவே உள்ள லென்ஸ்கள் பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுகிறது. சென்னையின் மேற்குப் புறத்தில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இந்தக் கேள்வியை ஆராயத் தகுந்த இடம். 2017இல் தொடங்கிய தமிழ் பிக் பாஸ் நிகழ்ச்சியின் வீடு அங்கே அமைந்தது. திரைப்படங்களுக்கான அரங்குகளும் அங்கே எழுப்பப்படுகின்றன. தொலைக்காட்சிக்கு வேண்டியது 16:9 என்ற அகல உயர விகிதமுள்ள படம். திரையரங்குக்கு வேண்டியதோ பெரும்பாலும் 2.39:1 என்ற, உயரத்தைப்போல் இரண்டரை மடங்கை நெருங்கும் அகலமுள்ள ஸ்கோப் படம். ஒரே வளாகத்தில் வேலை செய்யும் இருவகைக் கேமராக்களும் இவ்விரண்டு தேவைகளுக்கு ஏற்பத் தம் உணரியின் பரப்பை வெட்டிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இன்றைய செவ்வகங்கள் ஒளியியல் விதித்தவை அல்ல. பழைய ஃபிலிம் சுருள் விட்டுச்சென்ற சொத்து. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வகுக்கப்பட்ட 35 மி.மீ. சினிமாச் சுருளில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 24 மி.மீ. அகலமும் 18 மி.மீ. உயரமும் கொண்டிருந்தது, அதுவே 4:3 விகிதம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக், 1913–14 காலத்தில் அதே சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரு சட்டகங்களின் இடத்தை ஒன்றாக்கி 36×24 மி.மீ. படம் எடுத்தார். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா வழியாக உலகெங்கும் பரவிய அந்த 3:2 விகிதம், சுருள் மறைந்த பின்னும் டிஜிட்டல் உணரியில் அப்படியே குடியேறிவிட்டது. அதற்கிடையே சதுரமும் செழித்திருந்தது: ரோலைஃபிளக்ஸ், ஹாசல்பிளாட் கேமராக்களும், இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய அக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவும் 120 வகைச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்களை எடுத்தன. பழைய ஆல்பங்களில் சதுரப் படங்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

தமிழ்த் திரையுலகுக்கு நெருக்கமான வடிவம் ஸ்கோப். பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்றி கிரெத்தியன் 1920களில் உருவாக்கிய லென்ஸ், காட்சியின் அகலத்தை மட்டும் பாதியாக நெருக்கிச் சுருளில் பதித்தது. திரையிடும்போது மற்றொரு லென்ஸ் அதை மீண்டும் விரித்தது. அகலத்துக்கு ஓர் அளவும் உயரத்துக்கு வேறோர் அளவுமாகப் பிம்பத்தை அமைக்கும் இத்தகைய லென்ஸே அனமார்ஃபிக். 1953இல் ஹாலிவுட்டின் ‘தி ரோப்’ இதைச் சினிமாஸ்கோப் என்ற பெயரில் பரப்பியது, 1959இல் வி.கே. மூர்த்தியின் ஒளிப்பதிவில் ‘காகஸ் கே ஃபூல்’ இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது. தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ அந்த இடத்தைப் பெற்றது. இந்த முறையின் நுட்பம் முழுவதும் ஒரு கணக்கில் அடங்கும். இரண்டு மடங்கு நெருக்கும் லென்ஸுக்கு ஏறத்தாழ 1.2:1 விகிதமுள்ள, கிட்டத்தட்டச் சதுரமான பரப்பு கிடைத்தால் போதும்; விரித்தால் அது 2.39:1 ஆகிவிடும். சுருளின் ஓரத் துளைகளில் நான்கின் உயரமுள்ள சினிமாச் சட்டகத்தில் அந்தப் பரப்பு எளிதாகக் கிடைத்தது.

டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது சிக்கல் இங்கேதான் தோன்றியது. தொலைக்காட்சித் தரத்தைப் பின்பற்றி அவற்றில் பலவும் 16:9 வடிவில் பதிவு செய்தன. ஏறத்தாழ 24 மி.மீ. அகலமுள்ள அத்தகைய பரப்பின் உயரம் 13.4 மி.மீ. மட்டுமே. இரட்டை நெருக்க லென்ஸைப் பொருத்தினால் நடுவிலுள்ள 16 மி.மீ. அகலம் போதும், இருபுறமுமாக 8 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்கு, பயனின்றிப் போகும். முழு அகலத்தையும் பயன்படுத்தி விரித்தாலோ, படம் 3.55:1 என்று எந்தத் திரையிலும் அடங்காத நீண்ட பட்டையாகும். அதே அகலத்துக்கு 4:3 வடிவ உணரி இருந்தால் உயரம் 18 மி.மீ. ஆகி, பத்தில் ஒன்பது பங்கு பரப்பு பயன்படும். 2010இல் வெளிவந்த ஆரி அலெக்சா சினிமாக் கேமராவும் முதலில் 16:9 வடிவத்தையே பதிவு செய்தது. பின்னர் வந்த மாதிரிகளில் நிறுவனம் 4:3 பரப்பு முழுவதையும் திறந்துவிட்டதற்கு அனமார்ஃபிக் லென்ஸ்களே முதன்மைக் காரணம். உணரியை மாற்ற வழியில்லாத சிறு கேமராக்களுக்கு நேர்மாறான தீர்வு கிடைத்தது: லென்ஸின் நெருக்கத்தையே 1.33 மடங்காகக் குறைத்துவிட்டால் 16:9 உணரி முழுதும் பயன்பட்டு, படம் ஏறத்தாழ 2.37:1 ஆகும். ஆனால் இரட்டை நெருக்கம் தரும் நீள்வட்ட ஒளிப்பொட்டுகள் இதில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்கோப் என்றாலே அந்தத் தோற்றம்தான் என்று கருதும் ஒளிப்பதிவாளருக்கு இது அரைகுறைத் தீர்வே.

உணரி பெரிதாகும்போதும் வட்டம் குறுக்கே வரும். சூப்பர் 35 என்ற ஃபிலிம் சட்டகத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 31 மி.மீ.; 2022இல் வந்த அலெக்சா 35 கேமராவின் உணரியை முழுமையாகத் திறந்தால் அது 34 மி.மீ. ஆகும். அந்தப் பழைய சட்டகத்துக்கென்றே செய்யப்பட்ட சில லென்ஸ்களை இதில் பொருத்தினால் மூலைகள் கறுத்துப்போகலாம். நாள் வாடகைக்கு லென்ஸ் எடுக்கும் படக்குழு இதைப் படப்பிடிப்புக்கு முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமணப் படம் எடுப்போருக்கு இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சிறிய உணரிக்கான லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினால் வட்டம் போதாது. நிக்கான் கேமராக்கள் அத்தகைய லென்ஸை இனங்கண்டு நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்கின்றன. அப்போது 45 மெகாபிக்சல் கேமரா ஏறத்தாழ 20 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். கேனன் இ.எஃப்.-எஸ் லென்ஸ்களோ அந்நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே சுழலும் ஆடியுள்ள, கேமராக்களில் பொருந்தவே பொருந்தா. சிறிய உணரியில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. ஆகிவிடும் என்று கடைகளில் சொல்லப்படுவது முழு உண்மையன்று. குவிய நீளம் மாறுவதில்லை. வட்டத்தின் சிறிய பகுதி மட்டும் வெட்டப்படுவதால் காட்சி குறுகுகிறது, அவ்வளவே.

வட்டம் போதுமானதாக இருந்தாலும் தூரம் ஒத்துவர வேண்டும். லென்ஸ் பொருந்தும் உலோக வளையமான மவுண்டிலிருந்து உணரி வரையுள்ள இடைவெளி ஒவ்வொரு கேமராக் குடும்பத்துக்கும் வேறுபடும்: சினிமாவின் பி.எல். மவுண்டில் 52 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, கேனன் இ.எஃப். மவுண்டில் 44, சோனி இ மவுண்டில் 18, நிக்கான் இசட் மவுண்டில் 16. நீண்ட இடைவெளிக்கான லென்ஸைக் குறுகிய இடைவெளியுள்ள கேமராவில் பொருத்த, வேறுபாட்டை ஈடுகட்டும் அடாப்டர் வளையம் போதும். நேர்மாறாகச் செய்ய முயன்றால் தொலைவிலுள்ள பொருள் துலக்கமாகாது. அடாப்டரில் பெரும்பாலும் கண்ணாடியே இருக்காது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சி.என்.சி. கடைசல் எந்திரங்கள் வாகன உதிரிபாகங்களுக்குச் செய்யும் வேலையில் உள்ள அதே துல்லியம் இதற்கும் வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகினாலும் அகலக்கோண லென்ஸின் தூரக் குறியீடுகள் பொய்த்துவிடும். பலரும் கவனிக்காத இன்னொன்று, உணரியின் மேல் படிந்துள்ள கண்ணாடி அடுக்கு. லைக்கா எம் கேமராக்களில் அது 1 மி.மீ.க்கும் குறைவு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் ஏறத்தாழ 4 மி.மீ.; அதனால் ஃபிலிமுக்காகச் செய்த பழைய அகலக்கோண லென்ஸின் படம் சில கேமராக்களில் ஓரங்களில் மங்கலாகப் பதிகிறது.

அப்படியானால் உணரியையே வட்டமாகச் செய்யலாகாதா? உணரிகள் 300 மி.மீ. வரை விட்டமுள்ள வட்டச் சிலிக்கான் தகடுகளில் உருவாகி, பர்ஃபித் தட்டில் கோடு போடுவதுபோல் நேர்க்கோடுகளில் அறுக்கப்படுகின்றன. வட்டங்களாக வெட்டினால் இடையிலுள்ள சிலிக்கான் கழிவாகும். பிக்சல்கள் வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதும், பார்க்கும் திரைகள் எல்லாம் செவ்வகமாக இருப்பதும் வட்டத்துக்கு எதிராகவே நிற்கின்றன. சதுரத்துக்கு இத்தடைகள் இல்லை. 43.3 மி.மீ. வட்டத்தில் 30.6 மி.மீ. சதுரம் அடங்கும், 3:2 செவ்வகத்தைவிட அதன் பரப்பு எட்டு விழுக்காடு கூடுதல், கேமராவைச் சாய்க்காமலே கிடையாகவும் நெடிதாகவும் படத்தை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் எஸ்.எல்.ஆர். கேமராவில் உயரமான உணரிக்கு உயரமான ஆடி வேண்டும், ஆடி சுழல இடமும் வேண்டும். ஆடியற்ற கேமராக்கள் அந்தத் தடையை நீக்கிய பிறகும், பல லென்ஸ்களின் பின்முனையில் சிதறொளியைத் தடுக்க வைத்துள்ள செவ்வக மறைப்பு சதுரத்தின் மேல்கீழ் ஓரங்களை வெட்டிவிடும். பேனாசோனிக் 2009இல் ஜி.எச்.1 கேமராவில் நடுவழி ஒன்றைக் கண்டது: தேவைக்குச் சற்றுப் பெரிய உணரியை வைத்து, 4:3, 3:2, 16:9 ஆகிய மூன்று செவ்வகங்களின் மூலைகளும் ஒரே வட்டத்தைத் தொடுமாறு வெட்டியது. எந்த விகிதத்தைத் தேர்ந்தாலும் மூலைவிட்டக் காட்சிக்கோணம் மாறாத இந்த ஏற்பாடு பரவலாகாமல் போனது வருந்தத்தக்கது.

சதுரம் மீண்டும் வந்திருப்பது லென்ஸை மாற்ற முடியாத கருவிகளில்தான். 2022இல் வந்த கோப்ரோ ஹீரோ 11 கேமராவில் கிட்டத்தட்டச் சதுரமான 8:7 வடிவ உணரி இருந்தது. 2025இல் ஆப்பிள் தன் ஐபோன் 17 வரிசையின் முன்புறக் கேமராவில் சதுர உணரியை வைத்தது, கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலமான குழுப்படம் எடுப்பதற்காக. உணரியும் லென்ஸும் ஒருங்கே வடிவமைக்கப்பட்டு ஒரே கூட்டுக்குள் அடைக்கப்படுவதால், பழைய லென்ஸ் பொருந்துமா என்ற கவலை இத்தகைய கருவிகளில் எழுவதில்லை.

இன்னும் துணிவான மாற்றம், உணரியைக் கண்ணின் விழித்திரைபோல் வளைப்பது. லென்ஸின் பிம்பம் இயல்பில் வளைந்த பரப்பிலேயே துலங்குகிறது. அதைத் தட்டையாக்கவே கூடுதல் கண்ணாடிகள் சேர்க்கப்படுகின்றன. 2009இல் ஏவப்பட்ட கெப்லர் விண்தொலைநோக்கியில் 42 உணரிகள் வளைந்த தளத்தில் அடுக்கப்பட்டன. 2014இல் சோனி வளைந்த உணரியையே செய்து காட்டியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு ஏற்ற லென்ஸ் அந்த உணரிக்கு மட்டுமே உதவும். ஜூம் செய்யும்போது பிம்பத்தின் வளைவும் மாறும். தட்டையான தளத்துக்கென்றே திருத்தப்பட்ட இன்றைய லென்ஸ்களின் படம் வளைந்த உணரியில் நடுவில் துலக்கமாகவும் ஓரங்களில் மங்கலாகவுமே பதியும்.