பெத்தேலும் கல்லூரி மேடையும்

பெத்தேலில் ஆமோஸ் பேசியபோது ஆசாரியனாகிய அமத்சியா இரு காரியங்களைச் செய்தான். முதலாவது, அரசனுக்கு முறையீடு அனுப்பினான். ஆமோசின் சொற்களை நாடு தாங்காது என்பது அதன் சாரம். இரண்டாவது, பெத்தேல் அரசனுக்குரிய இடமாதலால் இங்கே பேசலாகாது என்று தீர்க்கதரிசியை விலக்கினான் (ஆமோஸ் 7:10-13). ஆமோஸ் கூறியது மெய்யா பொய்யா என அவன் ஆராய்ந்ததாகத் திருமறை கூறவில்லை. விளைவை மட்டுமே அவன் எடைபோட்டான்.

சர்ச்சைக்குரிய அரசியல் கருத்துக்களுக்குக் கல்லூரியில் இடமுண்டா என்னும் வினா எழும்போது இப்பகுதி நம் சிந்தனைக்குரியது. ஊரப்பாக்கம், தாம்பரம் வட்டாரச் சபைகளிலிருந்து இளைஞர் பலர் நாள்தோறும் மின்சார ரயிலில் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் இவ்வினாவை ஆயரிடம் கொண்டுவருங்கால் விடையளிக்க நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

2014ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர் சிலர் அம்பேத்கர்-பெரியார் வாசகர் வட்டத்தைத் தொடங்கினர். மறு ஆண்டு அவர்கள் நடத்திய கூட்டமும் வெளியிட்ட துண்டறிக்கையும் மத்திய அரசின் கொள்கைகளைக் கண்டித்தன. பெயரிடாத முறையீடு ஒன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தை அடைந்தது. அமைச்சகம் அதனைக் கல்வி நிலையத்திற்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. நிலையத்தின் பெயரைப் பயன்படுத்தும் விதிகள் மீறப்பட்டன என்றது நிர்வாகம். தங்களை விசாரியாமலே முடிவெடுத்தனர் என்றனர் மாணவர். நாடெங்கும் கண்டனம் எழுந்தபின், ஜூன் மாதத்தில் அங்கீகாரம் திரும்ப அளிக்கப்பட்டது.

இதற்கு முன்னரே உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்திருந்தது. சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் திரைப்படத்திற்குத் தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1989இல் ரங்கராஜன் வழக்கில் நீதிமன்றம் அப்படத்தைக் காத்தது. ஆர்ப்பாட்டம் நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்குப் பணிந்து பேச்சுரிமையை ஒடுக்கலாகாது. அதனைக் காப்பது அரசின் கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். அன்று இடஒதுக்கீட்டைக் குறைகூறியோரைக் காத்த அதே நெறி, அம்பேத்கரைப் போற்றும் மாணவரையும் காக்கவேண்டும். நெறி கட்சி பார்ப்பதில்லை.

எனினும் இவ்வுரிமை வரம்பற்றதன்று. அரசியலமைப்பின் 19(2)ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் முதலியவற்றை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. பிறர்மேல் வன்முறையைத் தூண்டுவது வேறு; கேட்போர் மனம் நோகப் பேசுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே அமத்சியாவின் பிழை.

சர்ச்சைக்குரிய பேச்சாளர் யாவரும் ஆமோஸ் அல்லர். ஆனால் யார் ஆமோஸ் என்பதைக் கேளாமல் எவ்வாறு அறிவது? ஒருவனைக் கேட்டறியுமுன் நம் நியாயப்பிரமாணம் தீர்ப்புச் செய்யுமோ என்று நிக்கொதேமு வினவினான் (யோவான் 7:51). குற்றஞ்சாட்டினவர்களை நேருக்கு நேர் நிறுத்தாமல் எவனையும் தண்டனைக்கு ஒப்புக்கொடுப்பது ரோமர் வழக்கமன்று என்று பெஸ்துவும் கூறினான் (அப். 25:16). பெயரிடாத முறையீட்டை முன்வைத்து முடிவெடுப்போர், புறஜாதி அதிகாரியின் நீதிக்கும் பின்தங்கியவராவர்.

இந்நெறி முதலில் நம்மையே சோதிக்கிறது. பெரியார் கடவுள் மறுப்பாளர். கிறிஸ்தவ சமயத்தையும் விட்டுவைக்காதவர். அவர் கருத்தைப் பேசும் மாணவனுக்குத் திருச்சபையின் கல்லூரிகளில் மேடை உண்டா? நம்மை எதிர்க்கும் அரசியலைச் சேர்ந்தவருக்கு? அரசு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவு நம் கல்லூரிகளை அவ்வண்ணமே கட்டுப்படுத்தாதிருக்கலாம், சுவிசேஷம் கட்டுப்படுத்தும். பேசுகிறவர் வினாக்களுக்கு விடையளிக்கவும், மாறுபடுவோர் அதே மேடையில் மறுமொழி கூறவும் ஒழுங்கு செய்வது நிர்வாகத்தின் கடமை. கதவை அடைப்பது அக்கடமைக்கு ஈடாகாது.

சத்தியத்தில் நம்பிக்கையுள்ள சபை கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெத்தேலில் அமத்சியா காத்தது அரசனின் இடத்தை, கர்த்தருடைய வார்த்தையையன்று. நாம் எதைக் காக்கிறோம் என்பதை ஆயரும் இறையியல் மாணவரும் ஆராய்வார்களாக.